கொலோன் கார்னிவல்: கண்டதும் கற்றதும்

தவக்காலம் என்றவுடன் நம் நினைவுக்கு வருவது திருநீற்றுப் புதன். அந்தப் புதனுக்கு முந்திய திங்களையும் செவ்வாயையும் பற்றி நம் பங்குகளில் யாரும் பேசுவதில்லை. ஐரோப்பாவிலோ, கத்தோலிக்க மரபு வேரூன்றிய பல நகரங்களில் அந்நாள்களுக்காகவே மக்கள் ஆண்டு முழுவதும் காத்திருக்கின்றனர். அதுவே கார்னிவல். இறைச்சியை விலக்குதல் என்று பொருள்படும் இலத்தீன் சொற்களிலிருந்து இப்பெயர் பிறந்தது என்பர். நாற்பது நாள் நோன்பு தொடங்குமுன் வீட்டிலுள்ள இறைச்சியையும் வெண்ணெயையும் முட்டையையும் உண்டு தீர்த்து, ஆடிப்பாடி மகிழ்ந்த பழைய வழக்கத்தின் தொடர்ச்சி இது.

2024ஆம் ஆண்டு பிப்ரவரித் திங்களில், ஜெர்மனி நாட்டின் கொலோன் நகரில் இதனை நேரில் காணும் வாய்ப்பு எனக்குக் கிட்டியது. என் மகள் அந்நகரில் செவிலியாகப் பணிபுரிகிறாள். "அப்பா, அம்மா இருந்தபோதுதான் வரமுடியவில்லை. இப்போதாவது வாருங்கள்" என்று பலமுறை எழுதினாள். பள்ளி ஆசிரியப் பணியிலிருந்து ஓய்வுபெற்ற எனக்கும் மறுக்கக் காரணம் ஒன்றுமில்லை.

புறப்பட்ட நாளில் நிகழ்ந்த ஒன்றையும் இங்கே சொல்லிவிடுகிறேன். எங்கள் தெருவில் நான்கு வீடுகள் தள்ளி என் தம்பியின் வீடு. வாடகை வண்டியில் நான் ஏறும்போது அவன் திண்ணையில் அமர்ந்திருந்தான். நான் பார்த்தேன், அவனும் பார்த்தான். இருவரும் ஒரு சொல்லும் பேசவில்லை. பதின்மூன்று ஆண்டுகளாக நாங்கள் அப்படித்தான். ஒரே ஆலயத்துக்குச் செல்வோம். அவன் தெற்கு வாசலால் நுழைவான், நான் வடக்கு வாசலால் நுழைவேன். காரணம் கேட்டவர்களுக்கெல்லாம் நான் சொன்ன பதில் ஒன்றே: "அவன் வாய் சரியில்லை."

மூவரசர் துயிலும் நகரம்

கார்னிவலுக்கு ஒரு வாரம் முன்னரே நான் கொலோன் சேர்ந்துவிட்டேன். ரைன் நதிக்கரையில் அமைந்த இந்நகரம் உரோமையர் காலத்தது. கி.பி. 50இல் உரோமைக் குடியிருப்பு என்னும் உயர்நிலையைப் பெற்றது. குடியிருப்பைக் குறிக்கும் 'கொலோனியா' என்ற இலத்தீன் சொல்லே நகரின் பெயராக நிலைத்துவிட்டது.

தொடர்வண்டி நிலையத்தை விட்டு வெளியே வந்ததும் நம்மை மலைக்கவைப்பது பேராலயம். 1248ஆம் ஆண்டு ஆகஸ்டு 15, தேவமாதாவின் விண்ணேற்பு விழாவன்று இதற்கு அடிக்கல் நாட்டினர். பதினாறாம் நூற்றாண்டில் வேலை நின்றுபோயிற்று. முடிவுறாத கோபுரத்தின்மேல், கல் தூக்கும் மரப்பொறி ஒன்று பல நூற்றாண்டுகள் அப்படியே நின்றதாம். 1842இல் மீண்டும் பணி தொடங்கி, 1880இல் நிறைவெய்தியது. ஆக, அடிக்கல் நாட்டியவரின் கண்ணுக்கும் முடித்தவரின் கண்ணுக்கும் இடையே 632 ஆண்டுகள்! 157 மீட்டர் உயரமுள்ள இரு கோபுரங்கள். கட்டி முடித்தபோது உலகிலேயே உயரமான கட்டடம் இதுவே.

பேரனின் கையைப் பிடித்துக்கொண்டு தெற்குக் கோபுரத்தில் ஏறினேன். மொத்தம் 533 படிகள், மின்தூக்கி கிடையாது. நடுவில் மணிக்கூடத்தில் நின்று மூச்சு வாங்கினோம். புனித பேதுருவின் பெயர் தாங்கிய மணி அங்கே தொங்குகிறது. 1923இல் வார்க்கப்பட்ட அதன் எடை ஏறத்தாழ 24 டன். "தாத்தா, நான் எண்ணிக்கொண்டு வருகிறேன், நீங்கள் மெதுவாக வாருங்கள்" என்று சொன்ன எட்டு வயதுப் பேரன், முந்நூறுக்குப்பின் எண்ணிக்கையைத் தவறவிட்டான். உச்சியில் நின்று பார்த்தால் ரைன் நதியும், அதன்மேல் பாலங்களும், சிவந்தும் கறுத்தும் தெரியும் கூரைகளும் கண்கொள்ளாக் காட்சி.

இரண்டாம் உலகப் போரில் இந்நகரின் நடுப்பகுதி ஏறக்குறைய முற்றிலும் அழிந்தது. 1942 மே மாத இறுதியில் ஒரே இரவில் ஆயிரம் விமானங்கள் குண்டு பொழிந்தன. பேராலயத்தின்மீதும் பதினான்கு குண்டுகள் விழுந்தன. ஆயினும் அது சாயவில்லை.

உள்ளே பலிபீடத்தின் பின்புறம் பொன்னால் வேய்ந்த பெரும் பேழை ஒன்று உள்ளது. குழந்தை இயேசுவைத் தேடிச் சென்ற மூவரசரின் திருப்பண்டங்கள் அதனுள் இருப்பதாக நம்பப்படுகிறது. 1164இல் கொலோன் பேராயர் ரைனால்டு என்பவர் இவற்றை மிலான் நகரிலிருந்து கொணர்ந்தார். அவற்றை வைப்பதற்கென்றே இப்பேழையும், பின்னர் இப்பேராலயமும் எழுந்தன. நகரின் சின்னத்திலும் மூவரசரின் மூன்று மணிமுடிகளைக் காணலாம். அவற்றின் கீழுள்ள பதினொரு சுடர்கள், இந்நகரில் மறைசாட்சிகளாய் இறந்ததாகக் கூறப்படும் புனித உர்சுலாவையும் அவருடைய தோழியரையும் குறிப்பன.

வேறு இரு ஆலயங்களையும் கண்டேன். புனித அந்திரேயா ஆலயத்தின் நிலவறையில் புனித பெரிய ஆல்பர்ட்டின் கல்லறை உள்ளது. புனித தாமஸ் அக்குவினாஸ் இவரிடம் மாணவராக இருந்தது இந்நகரில்தான். மற்றொரு ஆலயத்தில் முத்திப்பேறு பெற்ற அடோல்ஃப் கோல்பிங்கின் கல்லறை. செருப்புத் தைக்கும் தொழிலாளியாக வாழ்வைத் தொடங்கிக் குருவான இவர், இளந்தொழிலாளர்க்காக நிறுவிய இயக்கம் இன்று நம் தமிழ்நாட்டிலும் பணிபுரிவதை வாசகர்கள் அறிவார்கள். அந்தக் கல்லறை முன் நின்றபோது வெளிநாட்டில் நிற்கிறோம் என்ற எண்ணமே தோன்றவில்லை.

சிரிப்பு நஞ்சான ஆண்டு

ஒரு நாள் மருமகன் என்னை வேறோர் இடத்துக்கு அழைத்துச் சென்றார். "மாமா, கார்னிவலைப் பார்க்குமுன் இதையும் பார்த்துவிடுங்கள்" என்றார்.

அது ஒரு சாதாரண அலுவலகக் கட்டடம் போன்றது. 'எல்-டே இல்லம்' என்று பெயர். 1935 முதல் 1945 வரை ஹிட்லரின் இரகசியக் காவல்துறை இங்கே இயங்கியது. இப்போது அது நினைவகம். நிலவறையில் சிறைக்கூடங்கள் அப்படியே இருக்கின்றன. அடைபட்டுக் கிடந்தவர்கள் சுவரில் கீறிவைத்த ஏறத்தாழ 1,800 எழுத்துப் பதிவுகளைப் படிக்கப் படிக்க நெஞ்சு கனத்தது.

வீடு திரும்பியதும் மருமகன் ஒரு நூலைத் திறந்து, கார்னிவல் ஊர்வலத்தின் பழைய நிழற்படம் ஒன்றைக் காட்டினார். 1934ஆம் ஆண்டுப் படம். ஊர்தி ஒன்றில் யூதர்களைப் போல் தாடியும் கறுப்பு அங்கியும் அணிந்த வேடதாரிகள். 'கடைசி ஆட்கள் வெளியேறுகிறார்கள்' என்பது அவ்வூர்தியின் கருப்பொருள். இருபுறமும் மக்கள் வேடிக்கை பார்க்கின்றனர். நாட்டின் வறுமைக்கும் தோல்விக்கும் யூதரே காரணம் என்று அரசு சொல்லிக்கொண்டிருந்த காலம் அது. நகரமும் அந்தப் பழியை வேடிக்கையாக்கிக்கொண்டது. ஏழெட்டு ஆண்டுகளுக்குள் அந்நகரின் யூதர்கள் ஆயிரக்கணக்கில் தொடர்வண்டிகளில் ஏற்றப்பட்டு மரண முகாம்களுக்கு அனுப்பப்பட்டனர்.

அந்த 1934 கார்னிவல் நாளில், இதே நகரின் கார்மேல் மடத்தில் ஒரு பெண்மணி நான்கு மாதங்களாக வாழ்ந்துகொண்டிருந்தார். யூத குலத்தில் பிறந்து, மெய்யியல் கற்று, 1922இல் திருமுழுக்குப் பெற்ற எடித் ஸ்டைன் அவர். சிலுவையின் புனித தெரசா பெனடிக்டா என்று நாம் வணங்குபவர். 1938இன் இறுதியில் ஹாலந்து நாட்டு மடத்துக்குச் சென்றார். அங்கும் அவரை விடவில்லை. 1942 ஆகஸ்டு 9 அன்று அவுஷ்விட்சில் உயிர் துறந்தார். கொலோனில் அவருக்கு எழுப்பிய நினைவுச் சின்னத்தில், மூன்று உருவங்களாக அவர் காட்சி தருகிறார். அருகே காலணிகளின் குவியல். முகாம்களில் மாண்டவர்கள் விட்டுச்சென்ற காலணிகளை அவை நினைவூட்டுகின்றன.

நகரின் நடைபாதைகளில் ஆங்காங்கே உள்ளங்கையளவு பித்தளைக் கற்கள் பதித்துள்ளனர். அந்த வீட்டில் வாழ்ந்து, கொண்டுசெல்லப்பட்டவரின் பெயரும் ஆண்டும் அதில் இருக்கும். குந்தர் டெம்னிக் என்ற கலைஞர் 1990களில் தொடங்கிய இப்பணி, ஐரோப்பா முழுவதும் ஒரு இலட்சம் கற்களைத் தாண்டிவிட்டது. குனிந்தால்தான் படிக்க முடியும். அந்தக் குனிதலே ஒரு வணக்கம்.

கழுத்துப்பட்டை போன கதை

பிப்ரவரி 8, வியாழன். அன்று பெண்கள் கார்னிவல். காலை 11 மணி 11 நிமிடத்துக்குப் பழைய சந்தைத் திடலில் விழா தொடங்குகிறது. இவர்களுக்குப் பதினொன்று கோமாளிகளின் எண். முன்னோட்டமாகக் கார்னிவல் பருவம் தொடங்குவதும் நவம்பர் 11ஆம் நாள், அதே 11 மணி 11 நிமிடத்தில்தான்.

வெளிநாடு என்பதால் மரியாதையாக இருக்கட்டும் என்று கோட்டும் புதிய கழுத்துப்பட்டையும் அணிந்து புறப்பட்டேன். மகள் ஏதோ சொல்ல வாயெடுத்தாள். சிரிப்பை அடக்கிக்கொண்டு பேசாதிருந்துவிட்டாள். தெருமுனை ரொட்டிக்கடை வாசலில் கோமாளித் தொப்பி அணிந்த இரு மூதாட்டியர் என்னை வணங்கினர். நானும் வணங்கினேன். மறுகணம் ஒருத்தி கத்தரியை எடுத்து என் கழுத்துப்பட்டையைப் பாதியாக வெட்டிவிட்டு, கன்னத்தில் ஒரு முத்தமும் கொடுத்துவிட்டாள்! அந்த நாளில் நகரம் பெண்களின் கையில். ஆண்களின் அதிகாரத்துக்கு அடையாளமான கழுத்துப்பட்டையை யாரிடம் கண்டாலும் வெட்டலாம். வெட்டுண்டவன் கோபிக்கக் கூடாது. இது பின்னர்தான் எனக்குத் தெரிந்தது. பாதிப் பட்டையோடு வீடு திரும்பிய என்னைக் கண்டு பேரன் தரையில் உருண்டு சிரித்தான்.

குறையையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். அன்று நண்பகலுக்குள்ளேயே நடைபாதையில் தள்ளாடும் இளைஞரைக் கண்டேன். உடைந்த போத்தல்களையும், வாந்தியெடுக்கும் சிறுவயதினரையும் கண்டேன். கோமாளித் தொப்பியை முகமூடியாக்கிக்கொண்டு குடிப்பவர்கள் அவர்கள். 'நான் அஞ்சியது சரிதான்' என்று எண்ணிக்கொண்டேன். ஆனால் அடுத்த சில நாள்களில் கண்டவை அந்த எண்ணத்தை முழுமையாக நிலைக்க விடவில்லை.

ரோஜாத் திங்கள்

பிப்ரவரி 12, திங்கள். பெரிய ஊர்வலம் இந்நாளில்தான். 'ரோஜாத் திங்கள்' என்பர். இம்முறை மகளின் யோசனைப்படி குளிராடைக்கு மேல் வேட்டி கட்டி, துண்டைத் தலைப்பாகையாகச் சுற்றிக்கொண்டேன். வழியெங்கும், "அருமையான வேடம்!" என்று பாராட்டினார்கள். எனக்குச் சிரிப்பு வந்தது. வேட்டியா வேடம்? வியாழனன்று கட்டிய கழுத்துப்பட்டையல்லவோ வேடம்!

இன்றைய வடிவில் இந்த ஊர்வலம் தொடங்கியது 1823இல். அதற்கு முன் பிரெஞ்சுப் படையும், பின்னர் பிரஷ்ய அரசும் இந்நகரை ஆண்டன. வாய்திறந்து எதிர்க்க முடியாத மக்கள், வேடமிட்டுக் கேலி செய்யக் கற்றுக்கொண்டனர். செந்நிறச் சீருடை அணிந்த 'சிவப்புப் பொறிகள்' என்ற சங்கத்தார் இன்றும் படைவீரர்போல் அணிவகுத்து வந்து, துப்பாக்கி முனையில் பூச்செண்டைச் செருகி, ஒருவரோடு ஒருவர் பின்புறத்தை உரசி ஆடுகின்றனர். படையின் மிடுக்கை இதைவிட எளிதாக யார் கேலி செய்ய முடியும்?

ஊர்வலத்தில் பத்தாயிரத்துக்கும் மேற்பட்டோர் நடக்கின்றனர். அரசியல் தலைவர்களைப் பெரிய பொம்மைகளாக்கி ஊர்தியில் ஏற்றிவிடுவார்கள். திருச்சபையின் குறைகளையும் அவர்கள் விட்டுவைப்பதில்லை. ஊர்திகளிலிருந்து மிட்டாய்களையும் சாக்லேட்டுகளையும் சிறு பூங்கொத்துகளையும் வாரி இறைக்கின்றனர். ஒரே நாளில் ஏறக்குறைய 300 டன் இனிப்பு! குடையைத் தலைகீழாக விரித்துப் பிடிப்பதே அதனைச் சேர்க்கும் வழி. யானை வேடமிட்ட பேரன் என் குடையைப் பறித்துத் தலைகீழாக்கி, "கமேலே! கமேலே!" என்று கூவினான். மிட்டாய்க்கு அந்நகர்ப் பேச்சில் அப்பெயர். பக்கத்தில் சக்கர நாற்காலியில் ஒரு முதியவர். முன்பின் அறியாத இளைஞர் சிலர், தமக்குக் கிடைத்த பூங்கொத்துகளையெல்லாம் அவர் மடியில் வைத்துவிட்டுப் போனார்கள். இறுதியாக, உயர்ந்த ஊர்தியில் கார்னிவல் இளவரசர் வந்தார். அவருக்கு முன்னே வந்த கன்னியும் குடியானவரும் அவருடன் சேர்ந்து மும்மூர்த்தங்கள்போல் விழாவுக்குத் தலைமை தாங்குவோர். அந்தக் 'கன்னி' நீண்ட சடைப்பின்னல் தரித்த ஓர் ஆண்மகன்! ஹிட்லர் ஆட்சியினர் இதனை ஒவ்வாது, 1938லும் 1939லும் பெண்ணையே அந்த இடத்தில் நிறுத்தினராம்.

இந்த மக்களுக்குச் சிரிக்கவும் தெரியும். சிரிப்பை நிறுத்தவும் தெரியும். 2022இல் உக்ரைன் நாட்டில் போர் மூண்டபோது ரோஜாத் திங்கள் ஊர்வலத்தைக் கைவிட்டு, அதே நாளில் அமைதிப் பேரணி நடத்தினர். இலட்சக்கணக்கானோர் வேட உடையுடனே சமாதானம் வேண்டி நடந்தனர். முன்னர் செய்த பிழைக்கும் பரிகாரம் தேடுகின்றனர். ஹிட்லர் காலத்தில் மறைந்துபோன யூதர்களின் கார்னிவல் சங்கத்துக்கு வாரிசாக, 2017இல் புதிய யூதச் சங்கம் ஒன்று தோன்றியுள்ளது.

ஒன்றை எண்ணித் திடுக்கிட்டேன். 1934இல் அந்தக் கொடிய ஊர்தி சென்றதும் இதே பிப்ரவரி 12ஆம் நாள், திங்கட்கிழமை. சரியாகத் தொண்ணூறு ஆண்டுகள். தெருவெங்கும் சிதறிக்கிடந்த வண்ணக் காகிதத் துண்டுகளுக்கு நடுவே ஒரு பித்தளைக் கல் பாதி மறைந்து கிடந்தது. பேரன் காலால் காகிதத்தை ஒதுக்கிவிட்டு, அதிலிருந்த பெயரை எழுத்துக்கூட்டிப் படித்தான்.

பழி சுமந்த பொம்மை

வியாழன் முதலே மதுவிடுதிகளின் வாசலுக்கு மேல் ஆளுயர வைக்கோல் பொம்மைகள் தொங்குவதைக் கண்டிருந்தேன். 'நுப்பல்' என்று அதற்குப் பெயர். செவ்வாய் இரவு அதன் கடைசி இரவு. வழக்கமாக நள்ளிரவில் நடக்கும் சடங்கு, எங்கள் தெருமுனை விடுதியில் சற்று முன்னதாகவே நடந்தது. மெழுகுவர்த்தி ஏந்திய சிறு ஊர்வலம். நீண்ட அங்கி அணிந்த ஒருவர் நடுவர்போல் குற்றப்பட்டியலைப் படித்தார். மருமகன் எனக்குத் தமிழில் சொல்லிவந்தார்.

நாம் அளவுக்கு மீறிக் குடித்தோமே, அதற்கு யார் பொறுப்பு? நுப்பல்தான்! பணப்பை காலியாயிற்றே, யார் பொறுப்பு? நுப்பல்தான்! மனைவியை மறந்து பிறரோடு ஆடினோமே, அதற்கு? நுப்பல்தான்! ஒவ்வொரு கேள்விக்கும் கூட்டம் ஒரே குரலில் முழங்கியது. கடைசியில் தீ வைத்தார்கள். வைக்கோல் 'பொசுக்'கென்று பற்றிக்கொண்டது. அழுவதுபோல் நடித்தவர்கள் எல்லாரும் கைகொட்டிச் சிரித்தார்கள். நானும் சிரித்தேன்.

பேரன் மட்டும் சிரிக்கவில்லை. "தாத்தா, அந்தப் பொம்மை கதவுக்கு மேலே சும்மாதானே தொங்கிக்கொண்டிருந்தது? அது என்ன தப்பு செய்தது?" என்று கேட்டான்.

"அது விளையாட்டு, கண்ணு" என்றேன். ஆனால் அந்தக் கேள்வி என்னைத் தூங்கவிடவில்லை.

மருமகன் சொன்ன மற்றொரு செய்தியும் நெஞ்சில் முள்ளாய்த் தைத்தது. முற்காலத்தில் அந்த வட்டாரத்தில் ஆலயத் திருவிழாக்களின் முடிவில் எரித்த இத்தகைய பொம்மைக்குச் 'சக்காயஸ்' என்பதன் மருவிய பெயர் உண்டாம். ஆலய அர்ப்பணிப்பு விழாவில் சக்கேயுவின் நற்செய்தியை வாசிப்பதால் வந்த பெயர். ஆனால் நற்செய்தியின் சக்கேயு யார்மீதும் பழி போடவில்லையே! எல்லாரும் பார்க்க எழுந்து நின்று, தான் யாரையாவது ஏமாற்றியிருந்தால் நான்கு மடங்காகத் திருப்பித் தருவதாக அல்லவோ சொன்னார்! பழியைச் சுமக்கும் பொம்மைக்கு, பழியைத் தானே ஏற்றுக்கொண்ட மனிதரின் பெயர்.

அந்த இரவில் என் நுப்பல் யார் என்பது எனக்குத் தெளிவாயிற்று.

எங்கள் தந்தை விட்டுச்சென்ற தென்னந்தோப்பை 2009இல் நானும் தம்பியும் பிரித்துக்கொண்டோம். சாலையை ஒட்டிய பாதி எனக்கு. உட்புறப் பாதி அவனுக்கு. என் பாகத்தின் ஓரமாக அவனுக்கு வண்டிப்பாதை விடுவதாக வாய்மொழியாகச் சொன்னேன். படித்தவன் நான், பத்திரம் எழுத உடனிருந்தவனும் நான். ஆயினும் பத்திரத்தில் அதனைச் சேர்க்கவில்லை. ஈராண்டுக்குப்பின் ஒரு சிறு பூசலில் அவன் என்னைக் கடுஞ்சொல் சொல்லிவிட்டான். அடுத்த வாரமே அந்தப் பாதையில் கம்பிவேலி போட்டேன். அன்றுமுதல் அவன் வீட்டார் தேங்காயைத் தலைச்சுமையாக வரப்பு சுற்றிக் கொண்டுசெல்கின்றனர். அவன் சொன்ன சொல்லை ஊருக்கெல்லாம் சொன்னேன். நான் போட்ட வேலியைப் பற்றி, பாவசங்கீர்த்தனத்தில்கூடச் சொன்னதில்லை. குடும்பம் பிரிந்ததற்கு யார் பொறுப்பு? தம்பிதான். அம்மா மனம் நொந்து இறந்ததற்கு? தம்பிதான். பதின்மூன்று ஆண்டுகளாக ஒரே பதில்.

சாம்பல் யார் நெற்றியில்?

புதனன்று காலை நகரமே மாறியிருந்தது. துப்புரவுத் தொழிலாளர் தெருக்களைக் கழுவிவிட்டிருந்தனர். வாசல்களில் பொம்மைகள் இல்லை. உணவு விடுதிகளின் பலகைகளில் மீன் உணவு மட்டுமே எழுதியிருந்தது. பேராலயத்தில் காலைத் திருப்பலிக்குச் சென்றோம். கிழிந்த பட்டுத்துணிப் பூ ஒன்று இன்னும் தொப்பியில் ஒட்டியிருக்க, ஒரு நடுவயது மனிதர் எனக்கு முன் வரிசையில் நின்றார். கன்னத்தில் சாயம் முழுதும் போகாத ஒரு பெண்ணும் நின்றாள். முந்திய இரவில் 'நுப்பல்தான்' என்று கூவியவர்களாக இருக்கலாம். இப்போது ஒருவரும் கூவவில்லை. ஒவ்வொருவராகச் சென்று தலைகுனிந்தனர்.

குருவானவர் சொன்ன ஜெர்மன் சொற்கள் எனக்குப் புரியவில்லை. ஆனால் பொருள் சிறுவயது முதல் தெரிந்ததே. நாம் மண் என்பதும், மண்ணுக்கே திரும்புவோம் என்பதும். சாம்பல் பூசிய விரல் என் நெற்றியில் பட்டபோது ஒன்று உறைத்தது. நேற்றைய சாம்பல் பொம்மையின் சாம்பல். பிறர்மீது பழியைப் போட்டு எரித்ததில் மிஞ்சியது. இன்றைய சாம்பலோ என் நெற்றிக்கு வந்தது. தம்பிக்காக இதனை நான் வாங்கிக்கொள்ள முடியாது; எனக்காக அவனும் வாங்கிக்கொள்ள முடியாது.

கார்னிவல் தவறு என்று இப்போது நான் சொல்லமாட்டேன். மனம்விட்டுச் சிரிக்கத் தெரிந்தவன் மனம்விட்டு அழவும் கற்றுக்கொள்வான். ஆனால் செவ்வாயோடு நின்றுவிட்டால் அது வெறும் கூத்து. புதனும் சேர்ந்தால்தான் அது நம்முடையது. வைக்கோல் பொம்மைமீது பழி போடுவது விளையாட்டு. அந்தப் பழக்கம் மனிதர்மீது திரும்பினால் என்ன ஆகும் என்பதை அந்த நகரம் தன் நடைபாதைக் கற்களில் எழுதிவைத்திருக்கிறது. ஒரு தென்னந்தோப்பில் அது எப்படி நிகழும் என்பதை நான் எழுதுகிறேன்.

அன்று மாலை மகளின் தொலைபேசியிலிருந்து ஊருக்குப் பேசினேன். அவன்தான் எடுத்தான்.

"தம்பி, அண்ணன் பேசுகிறேன். தோப்பு வேலி போட்டது என் தப்பு. நாளைக்கே ஆளை விட்டுப் பிரித்துவிடு. பாதையைப் பத்திரத்திலும் எழுதித்தருகிறேன்."

நெடுநேரம் மறுமுனையில் பேச்சில்லை. இணைப்பு அறுந்துவிட்டதோ என்று நினைத்தேன்.

பிறகு, "அங்கே குளிர் அதிகமாமே, அண்ணே. காதை மூடிக்கொண்டு வெளியே போங்கள்" என்றான்.

அவ்வளவுதான். ஊர் திரும்பியபின் பாதையை எழுதிக்கொடுத்துவிட்டேன். வேலி நின்ற இடத்தில் இப்போது வண்டித்தடம். பதின்மூன்று ஆண்டு மௌனம் ஒரே நாளில் கரைந்துவிட்டது என்று சொன்னால் அது பொய்யாகும். இன்னும் அளந்து அளந்துதான் பேசுகிறோம். ஆனால் ஞாயிறன்று இருவரும் ஒரே வாசலால் நுழைகிறோம். மூவரசர் குழந்தை இயேசுவைக் கண்டபின் வேறு வழியாகத் தம் நாடு திரும்பினர் என்று நற்செய்தி கூறுகிறது. அவர்கள் துயிலும் நகரத்துக்குச் சென்றுவந்த எனக்கும் வேறு ஒரு வழி கிடைத்தது.

அன்பு வாசகர்களே, உங்கள் இல்லத்திலும் வாசலுக்கு மேல் யாராவது ஒரு நுப்பல் தொங்கிக்கொண்டிருக்கலாம். மருமகளாக இருக்கலாம், மாமியாராக இருக்கலாம், கூடப்பிறந்தவராக இருக்கலாம். அடுத்த திருநீற்றுப் புதனன்று சாம்பல் வாங்கச் செல்லுமுன், அவரைக் கீழே இறக்கிவிட்டுச் செல்லுங்கள்.